முதலில் கண், பிறகு கைபேசி

அருங்காட்சியகம் என்ற சொல்லைப் பிரித்தால் அருமை, காட்சி, அகம் என்று மூன்று சொற்கள் கிடைக்கும். அரிய காட்சிகள் குடியிருக்கும் வீடு என்பது பொருள். நாம் வாழும் இந்த ஹைதராபாத்தில், உருது பேசும் பெரியவர்கள் அதை 'அஜாயப் கர்' என்பார்கள். வியப்புகளின் வீடு என்று அதற்குப் பொருள். சென்னைப் பட்டணத்துச் சாமானிய மக்கள் வைத்த பெயர் இன்னும் சுவையானது. எழும்பூர் மியூசியத்தை அவர்கள் 'செத்த காலேஜ்' என்றார்கள். உயிருள்ள மிருகங்கள் இருந்த காட்சிசாலை 'உயிர் காலேஜ்' ஆயிற்று. கேலிப் பெயர் போலத் தோன்றினாலும், அதில் 'காலேஜ்' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர்கூட, அங்கே போவது எதையோ கற்றுக்கொள்ளத்தான் என்று நினைத்திருக்கிறார்.

வீடு, வியப்பு, கல்லூரி. இந்த மூன்றோடு இப்போது நாலாவதாக ஒரு பெயரும் சேர்க்கலாம்: போட்டோ ஸ்டூடியோ! இன்று எந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாலும் நூறு கைகள் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கின்றன. "இதெல்லாம் என்ன பார்க்கிற லட்சணம்?" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். "ஞாபகத்துக்கு ஒரு படம்கூட எடுக்கக் கூடாதா?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த நியாயங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மூசிக் கரையில் ஒரு பட்டறிவு

ஊரிலிருந்து யார் வந்தாலும் நம் வீடுகளில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும்: சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங் மியூசியம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மாமா, அத்தை, மைத்துனர், அவர்கள் பிள்ளைகள் என்று எத்தனையோ பேரை சாலார் ஜங்குக்கு அழைத்துப் போயிருக்கிறேன். போகப் போக, காட்சிப் பொருள்களை விடப் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதே எனக்குப் பாதி வேலையாகிவிட்டது.

இந்த அருங்காட்சியகத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஏழாம் நிஜாமிடம் 1912 முதல் 1914 வரை பிரதம மந்திரியாக இருந்தவர் மீர் யூசுப் அலி கான் என்கிற மூன்றாம் சாலார் ஜங். தம் வருமானத்தில் பெரும் பகுதியை அரும்பொருள் சேகரிப்பதிலேயே செலவிட்டார். வாரிசு இல்லாமல் 1949இல் காலமானார். அவருடைய திவான் தேவடி மாளிகையிலேயே 1951 டிசம்பர் 16 அன்று ஜவாஹர்லால் நேரு இந்த அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். 1961இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மூசி நதிக் கரையில் இன்றுள்ள கட்டடத்துக்கு 1968இல் இடம் மாறியது.

இங்கே கூட்டம் மொய்க்கும் இடங்கள் மூன்று. முதலாவது, முக்காடிட்ட ரெபெக்கா. இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மரியா பென்சோனி பளிங்கில் செதுக்கியது. முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோம் நகரில் வாங்கியது. கல்லில் செய்த முகத்திரை, ஈரத் துணி போல முகத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் மூக்கையும் இதழையும் காட்டுகிறது. இரண்டாவது, ஒரே மரத்தில் முன்னும் பின்னுமாகச் செதுக்கிய இரட்டைச் சிலை. ஜெர்மன் கவிஞர் கெதேயின் 'பௌஸ்ட்' நாடகத்தில் வரும் மெபிஸ்டோபிலிஸ் என்ற சாத்தான் முன்பக்கம். தலை குனிந்த மார்கரீட்டா பின்பக்கம். பின்பக்கம் தெரிவதற்காகச் சிலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய இசைக் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டி மனிதன் கதவைத் திறந்துகொண்டு வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போய்விடுவான். பக்கத்தில் ஒரு கொல்லன் சுத்தியலால் விநாடிகளைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு முறை அடிக்கும் என்பதால் அந்த நேரத்துக்குக் கூட்டம் அதிகம். அங்கே ஒரு ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். பதினொன்று ஐம்பத்தைந்துக்கே கைகள் உயர்ந்துவிடும். "தம்பி, கொஞ்சம் கையை இறக்குப்பா, ஒண்ணுமே தெரியல" என்று பின்வரிசையில் ஒரு தமிழ்க் குரலும் கேட்கும். முன்னால் நிற்பவரின் கைபேசித் திரையில் தெரியும் கடிகாரத்தைத்தான் பின்னால் நிற்பவர் பார்க்கிறார். மணி அடித்து முடிந்ததும் கூட்டம் கலைகிறது. கொல்லன் இன்னும் தட்டிக்கொண்டேதான் இருக்கிறான். அவனைப் பார்க்க ஆளில்லை. ரெபெக்காவிடம் வந்தால், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கைபேசியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். இதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. வந்ததற்கு அடையாளம் வேண்டும் என்பது மனித ஆசை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது நம் முகம்தான். ரெபெக்கா வெறும் பின்திரை.

'பிளாஷ்' ஏன் கூடாது?

"படம் எடுத்தால் ஓவியம் கெட்டுப்போகும்" என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இது எவ்வளவு உண்மை?

ஒளி பொருள்களைச் சேதப்படுத்தும் என்பது முழு உண்மை. வாசலில் தொங்கும் திரைச்சீலை வெளுத்துப்போவது நம் வீட்டிலேயே தெரிகிறதே. சாயம், காகிதம், பட்டு, பனையோலை போன்றவற்றில் ஒளி மெல்ல மெல்ல வேதியியல் மாற்றத்தை உண்டாக்குகிறது. அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதோடு ஒளியின் பாதிப்பு கூடிக்கொண்டே போகும் தன்மை உடையது. இன்று பட்ட ஒளியும் நாளை படும் ஒளியும் ஒரே கணக்கில்தான் சேரும். அதனால்தான் கையெழுத்துச் சுவடிகள், துணிகள், நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும் அறைகளில் ஏறக்குறைய 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் வைப்பதில்லை. நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். "ஏன் இவ்வளவு இருட்டா வெச்சிருக்காங்க?" என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம். கல், உலோகம், பீங்கான் ஆகியவற்றுக்கு ஒளியால் இந்தத் தொல்லை கிடையாது.

அப்படியானால் பிளாஷ்? லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஆய்வாளர் டேவிட் சாண்டர்ஸ் இதைச் சோதித்து 1995இல் கட்டுரை எழுதினார். பிளாஷ் ஒளி கண்ணைப் பறிப்பதாக இருந்தாலும், அது இருப்பது ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிதான். அதனால் ஒரு பிளாஷ் செய்யும் பாதிப்பு, அந்த அறையின் வழக்கமான விளக்கொளியில் ஓவியம் சற்று நேரம் கூடுதலாக இருப்பதற்குச் சமம் என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். ஆகவே ஒருவர் எடுக்கும் ஒரு படத்தால் ஓவியம் பாழாகிவிடாது. ஆனால் விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கில் வருகிறவர்களில் ஒவ்வொருவரும் நாலு முறை பிளாஷ் அடித்தால் அந்தச் சிறு துளிகள் சேர்ந்துகொண்டே போகும். காவலாளி ஒவ்வொருவரிடமும் போய் "இது கல், பரவாயில்லை, அது பட்டு, கூடாது" என்று விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். கைபேசியில் வீடியோவுக்காக விளக்கைத் தொடர்ந்து எரியவிடுவது பிளாஷை விட மோசம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் சொந்த லாபத்துக்கும் பிளாஷ் உதவாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பிளாஷ் போட்டு எடுத்தால் படத்தில் விழுவது ஒரு வெள்ளைப் பொட்டுதான். ரெபெக்காவைப் பிளாஷில் எடுத்துப் பாருங்கள்: முகத்திரையின் மடிப்புகள் மறைந்து, சுண்ணாம்பு பூசிய பொம்மை போல ஆகிவிடுவாள். அந்தச் சிற்பத்தின் மாயமெல்லாம் பக்கவாட்டு வெளிச்சமும் நிழலும் செய்வது. நேர் எதிரே இருந்து ஒளியைப் பாய்ச்சினால் நிழல் செத்துப்போகும்.

காவலாளிக்கும் காரணம் உண்டு

ஒளியைத் தவிர வேறு கவலைகளும் அருங்காட்சியகங்களுக்கு உண்டு. முதல் கவலை, நம் முதுகு! திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பவருக்குத் தம் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. 2016 நவம்பரில் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில், தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில், படம் எடுக்கப் பின்வாங்கிய பார்வையாளர் ஒருவர் மோதி, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித மிக்கேல் சிலை கீழே விழுந்து உடைந்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து உஃபீசி ஓவியக்கூடத்தில், ஓவியத்தில் இருப்பவரைப் போலவே நின்று படமெடுக்க ஆசைப்பட்ட ஒருவர் பின்னால் சாய்ந்ததில் ஓவியத்துணி கிழிந்தது. இருவரும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். அந்த ஒரு நொடி அவர்கள் கண் பொருளின் மேல் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கவலை பாதுகாப்பு. நம் ஊரிலேயே, புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் அருங்காட்சியகத்தில், 2018 செப்டம்பரில் திருடர்கள் சுவரின் மேலே இருந்த காற்றுச் சாளரம் வழியாக இறங்கி, தங்கத்தில் செய்து வைரம் பதித்த டிபன் கேரியரையும் தங்கக் கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் தூக்கிப் போனார்கள். சில நாள்களிலேயே போலீசார் இருவரைப் பிடித்துப் பொருள்களை மீட்டுவிட்டார்கள். அந்தத் திருட்டுக்கும் பார்வையாளர் எடுத்த படங்களுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவு, பூட்டு, சாளரம், கண்காணிப்புக் கேமரா இவற்றை யாராவது படம் எடுத்தால் காவலாளியின் முகம் ஏன் மாறுகிறது என்பதை இந்தச் சம்பவம் விளக்கிவிடும்.

மூன்றாவது கவலை மரியாதை. நாம்பள்ளி பப்ளிக் கார்டனில் உள்ள மாநில அருங்காட்சியகத்தில் எகிப்து நாட்டு மம்மி ஒன்று இருப்பது பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அது நிஜாம் ஆட்சிக் காலத்தில் இங்கே வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து "பேய்!" என்று கத்துவதும், அதற்குப் பக்கத்தில் நின்று நாக்கை நீட்டிச் செல்பி எடுப்பதும் வழக்கம். அது பொம்மை இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ அழுதுகொண்டே வழியனுப்பி வைத்த ஒரு மனித உடல். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை மெதுவாக எடுத்துச் சொன்னால் போதும். அவர்களே கைபேசியைத் தாழ்த்திவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன

ஒரு காலத்தில் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் கேமராவை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லார் சட்டைப் பையிலும் கேமரா வந்த பிறகு அந்த விதியைக் காப்பாற்றுவது இயலாத காரியம் ஆகிவிட்டது. கைபேசியில் ஒருவர் படம் எடுக்கிறாரா, அல்லது அந்த ஓவியத்தைப் பற்றித் தேடிப் படிக்கிறாரா என்று காவலாளிக்கு எப்படித் தெரியும்? இதே சிக்கலால்தான் லண்டன் தேசிய ஓவியக்கூடம் 2014இல் தன் நெடுங்காலத் தடையை நீக்கியது. நம் நாட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2018இல், தன் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் படம் எடுக்கலாம் என்று அறிவித்தது. அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் சமாதிக் கூடம் ஆகிய மூன்று மட்டும் விதிவிலக்கு. அருங்காட்சியகங்களில் பல இடங்களில் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு கைபேசியை அனுமதிக்கிறார்கள். கட்டணமும் விதியும் இடத்துக்கு இடம் வேறு; வாசலில் கேட்டுவிட்டுப் போவதே நல்லது.

காப்புரிமை பற்றியும் ஒரு வார்த்தை. பொதுமக்கள் வரக்கூடிய இடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் சிற்பத்தைப் படம் எடுப்பது 1957ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மீறல் ஆகாது. ஓவியங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் ஓவியர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் உரிமையே காலாவதியாகிவிடும். 1906இல் மறைந்த ரவிவர்மா இப்போது எல்லாருக்கும் சொந்தம். ஆனாலும் வீட்டுக்காரர் "எடுக்காதீங்க" என்று சொன்னால் எடுக்காமல் இருப்பதுதான் முறை. சட்டம் இடம் கொடுப்பது வேறு, விருந்தாளியாகப் போன இடத்து ஒழுங்கு வேறு.

படம் எடுத்தால் மறந்துபோகுமா?

இனி, பெரியவர்களின் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருவோம். "கைபேசியில் பிடித்துவிட்டால் மண்டையில் ஏறாது" என்கிறார்கள். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பேர்பீல்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியை லிண்டா ஹெங்கல், மாணவர்களை அந்தப் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்குள் அழைத்துப் போனார். சில பொருள்களை வெறுமனே பார்க்கச் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களை விட, பார்க்க மட்டும் செய்த பொருள்களே அவர்களுக்கு நன்றாக நினைவில் இருந்தன. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மனம் தன் வேலையை ஒப்படைத்துவிட்டது என்பது அவர் தரும் விளக்கம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுக்கச் சொன்னபோது அந்த மறதி ஏற்படவில்லை! படத்தில் இல்லாத மற்றப் பகுதிகளும்கூட நினைவில் நின்றன. எந்தப் பகுதியை எடுப்பது என்று யோசிப்பதற்கே கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறதல்லவா? இந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று.

2017இல் வேறு சில அமெரிக்க ஆய்வாளர்கள், ஒலிவழி விளக்கம் கேட்டுக்கொண்டே அருங்காட்சியகம் சுற்றியவர்களைச் சோதித்தார்கள். இங்கே எதைப் படம் எடுப்பது என்பது அவரவர் விருப்பம். படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டவை கூடுதலாக நினைவில் இருந்தன. ஆனால் காதால் கேட்ட விளக்கம் குறைவாகவே நினைவில் தங்கியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரியவர்கள் சொல்வதும் சரி, இளையவர்கள் சொல்வதும் சரி என்று தெரிகிறது. தானாக விரலை அழுத்திவிட்டு நகர்ந்தால் நினைவு போகிறது. தேர்ந்தெடுத்து, நெருங்கிப் பார்த்து எடுத்தால் நினைவு வலுக்கிறது. ரெபெக்காவை முழுதாக எடுப்பதோடு நிற்காமல், திரைக்குள் தெரியும் உதட்டை மட்டும் ஒரு படம் எடு என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அவன் அவளை மறக்க மாட்டான். இரட்டைச் சிலையில், சாத்தானும் கண்ணாடிக்குள் மார்கரீட்டாவும் ஒரே படத்தில் விழ வேண்டுமானால் எங்கே நிற்க வேண்டும் என்று அவனே இரண்டடி இடமும் வலமும் நகர்ந்து கண்டுபிடிக்கட்டும். கண்ணாடி ஏன் அங்கே இருக்கிறது என்பதை அதற்குள் அவன் புரிந்துகொண்டிருப்பான். கடிகாரத்துக்கு முன்னால் மட்டும் கைபேசியைப் பையில் போட்டுவிடுவதே நல்லது. அது காதுக்கான காட்சி.

தெய்வங்களைத் திருப்பிக் கொண்டுவந்த படங்கள்

இவ்வளவு நேரம் படத்தை நம் நினைவுக்கு உதவும் பொருளாக மட்டுமே பார்த்தோம். படத்துக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு: சாட்சி சொல்வது. அந்த வேலையால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பலன் கொஞ்சநஞ்சமல்ல.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படம் எடுத்து, ஊர், கோயில், தேதி எழுதி வைத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. எடுத்த நாளில் அவை ஆராய்ச்சிக் குறிப்புகள், அவ்வளவுதான். பின்னாளில் நடந்ததைக் கேளுங்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடப்பட்டு, கடல் கடந்து, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். அவர் அந்தக் கோயிலில்தான் இருந்தார் என்பதற்குப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் எடுத்த படம் சான்றாக நின்றது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அவரை டில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். தரங்கம்பாடிக்கு அருகே அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலில் 1978இல் களவுபோன ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள், 1958இல் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு லண்டனில் அடையாளம் காணப்பட்டு, 2020இல் திரும்பின. கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் சிலையை ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கியிருந்தது. 1957இல் கோயிலில் எடுத்த படம் ஒன்று அவரை அடையாளம் காட்டியது. 2024இல் திருப்பித் தருவதற்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புதல் அளித்தது.

இந்த ஒப்பீடு எப்படி நடக்கிறது? செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் அச்சு உடைக்கப்படுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்க முடியாது. திருவாசியில் உடைந்த ஒரு தீநாக்கு, பீடத்தில் ஒரு வெட்டு, ஒரு விரலின் வளைவு, ஆடை மடிப்பின் தேய்மானம் இவையெல்லாம் மனிதருக்குக் கைரேகை போல. கோயிலில் எடுத்த பழைய படத்தையும், வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் எடுத்த புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றா, வேறா என்று சொல்லிவிடலாம். இதற்கு இரண்டு பக்கத்துப் படமும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இதில் ஈடுபட்டவர்களில் சம்பளத்துக்கு வேலை செய்யாத ஆர்வலர்கள் பலர் உண்டு. சாமானியர் எடுக்கும் படத்துக்கும் இந்த உலகத்தில் ஒரு பயன் இருக்கிறது.

ஆனால் எப்படிப்பட்ட படத்துக்கு? நடராஜருக்கு முன்னால் நின்று நாம் சிரிக்கும் படத்தில் அவருடைய பாதி நம் தலைக்குப் பின்னால் போய்விடும். பொருள் முழுதாகத் தெரிய வேண்டும்; எந்த இடம், எந்த நாள் என்ற குறிப்பு வேண்டும். அந்தப் பழைய படங்கள் செய்தது இதைத்தான்.

நம் வீட்டுப் பழக்கம்

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம் என்று நினைக்கிறேன். ஊரில் இருக்கும் பிள்ளைக்குச் சோழர் கால நடராஜர் தேரோட்டத்தில், கோயிலில், பாடப்புத்தகத்தில் எங்காவது வந்துகொண்டே இருப்பார். இங்கே வளரும் பிள்ளைக்கு விடுமுறையில் போகும்போது ஒரு மணி நேரம் எழும்பூரிலோ தஞ்சாவூரிலோ கிடைத்தால் உண்டு. அந்த ஒரு மணி நேரமும் "இங்க நில்லு, அங்க பாரு, சிரி" என்பதிலேயே போய்விடக் கூடாது. சாலார் ஜங்குக்கும் இது பொருந்தும். இந்த ஊர் நமக்குச் சோறு போட்ட ஊர். இதன் செல்வங்களையும் நம் பிள்ளைகள் நம் செல்வம் போலப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே சில பழக்கங்களைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இவை பலன் தந்திருக்கின்றன.

1. எந்தப் பொருளுக்கு முன்னாலும் ஒரு நிமிடம் வெறும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கைபேசியை எடுப்பது. அறுபது எண்ணுவதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே ஏற்றுக்கொள்வார்கள்.

2. முதல் படம் பொருளுக்கு. இரண்டாவது படம் அதன் விளக்கப் பலகைக்கு. மூன்றாவது படம், பிள்ளைக்குப் பிடித்த ஒரு சிறு பகுதிக்கு. நம் முகம் வேண்டுமானால் நாலாவது. குடும்பப் படத்தை வாசலிலோ தோட்டத்திலோ எடுத்துக்கொண்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

3. உள்ளே நுழையும் முன்பே பிளாஷை அணைத்துவிடுவது. பின்னால் நகர வேண்டுமானால் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்வது.

4. ஒருவருக்குப் பத்துப் படம் என்று வரம்பு வைப்பது. அந்தக் காலத்துப் பிலிம் சுருளில் 36 படம்தான். அந்தச் சிக்கனம் நம்மை யோசிக்க வைத்தது.

5. அன்று இரவே படங்களைப் பார்த்து, பொருளின் பெயர், இடம், தேதி குறித்து வைப்பது. குறிப்பு இல்லாத படம் பத்து ஆண்டு கழித்து யாருக்கும் எதுவும் சொல்லாது.

கோயில்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசியைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. வழிபடும் இடத்தில் அந்த அமைதி வேண்டியதுதான். ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் பழைய ஆல்பம் இருக்கும். கும்பாபிஷேகம், திருவிழா, தாத்தா காலத்து உற்சவர் புறப்பாடு என்று அதில் படங்கள் இருக்கும். அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இருக்கிற பெரியவர்களிடம் கேட்டு, ஊர், கோயில், ஆண்டு மூன்றையும் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். மேலே சொன்ன சிலைகள் திரும்பி வந்தது இப்படிப்பட்ட குறிப்புகளால்தான்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் இங்கே விளக்கப் பலகை தமிழில் இருக்காது. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். அந்த வேலை நமக்காக விடப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை எடுத்த படத்தை ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு போனில் கூப்பிட்டு, "பாட்டி, இது கல்லு. ஆனா துணி மாதிரி இருக்கு பாரு!" என்று அவன் தமிழில் விளக்கட்டும். பாட்டி நாலு கேள்வி கேட்பாள். பதில் சொல்ல அவன் மறுபடி படத்தை உற்றுப் பார்ப்பான். கைபேசியால் நடக்கக்கூடிய நல்ல காரியம் இதைவிட வேறு எது?